கால் பங்கு தண்ணீர்

ஆனி மாதம் காவேரிப்பட்டணம் முழுக்க
மாங்கூழ் வாசம்.
கம்பெனி ஆய்வகத்தில் எட்டு மணி நேரம்
வட்டத் தட்டுகளில் கிருமி எண்ணுகிறேன்.
ஒன்று முளைத்தாலும்
அந்த வரிசை டிரம் அத்தனையும் நிற்கும்.
பூஜ்ஜியம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான்
எனக்குச் சோறு.

அதே கையோடுதான்
புழக்கடைக் குளத்துக்கு வந்தேன்.

குளம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம்.
ஆறடிக்கு நாலடி, இடுப்பளவு ஆழம்.
செப்டிக் டேங்குக்குத் தோண்டி
இடம் தப்பிப்போன குழி.
மூட மனமில்லாமல் முனிரத்தினம்
நீலத் தார்ப்பாய் விரித்தான்,
பர்கூர்ப் பட்டறையில் கழித்துப்போட்ட
கிரானைட் துண்டுகளை ஓரம் அடுக்கினான்,
அணைப் பக்கமிருந்து ஒன்பது மீன்
பஸ்ஸில், மடியில் வைத்துக் கொண்டுவந்தான்.

இரண்டாம் மாதம் தண்ணீர் பச்சை.
மூன்றாம் மாதம் விட்ட விரல் தெரியவில்லை.
முருங்கைப் பூ உதிர்ந்து அழுகி
மேலே ஒரு ஏடு,
காய்ச்சி மறந்த பால்போல.

எனக்குத் தாங்கவில்லை.
ஒரு ஞாயிற்றுக்கிழமை மொத்தத்தையும் இறைத்தேன்.
பிளீச்சிங் பவுடர் போட்டுத் தார்ப்பாயைத் தேய்த்தேன்.
கல்லைக்கூட விடவில்லை.
வடிகட்டி என்று வைத்திருந்த பெயிண்ட் பக்கெட்டில்
ஸ்பாஞ்சை எடுத்துச் சோப்புப் போட்டுப் பிழிந்தேன்.
குழாய்த் தண்ணீர் வந்ததும் நிரப்பினேன்.
பளிங்கு.
முனிரத்தினத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

செவ்வாய்க்கிழமைக்குள் ஐந்து மீன் மல்லாந்தன.
தண்ணீர் மட்டும் தெளிவாகவே இருந்தது.
அதைத்தான் பார்க்க முடியவில்லை.

புதன்கிழமை ஒரு மருந்துப் பாட்டிலில்
குளத்தை அள்ளிக்கொண்டு வேலைக்குப் போனேன்.
டீ இடைவேளையில் யாருக்கும் தெரியாமல்
சோதித்தேன்.
அம்மோனியா, அளவுக்கோட்டைத் தாண்டி.
மீன் கழித்ததைத் தின்ன
அங்கே ஒரு உயிரும் மிச்சமில்லை.
என் கையெழுத்து அந்தக் குளத்தில் இருந்தது:
பூஜ்ஜியம்.

அன்று சாயங்காலம்
மோட்டார் கட்டும் குர்ரப்பா வீட்டு மாட்டுத்தொட்டியில்
வழுக்கும் கல் நாலு கேட்டேன்.
"கல்லா? எதுக்கு?"
"கிருமிக்கு" என்றேன்.
அவர் மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.
கல்லை ஈரத்துணியில் சுற்றி
பிள்ளையைத் தூக்கி வருவதுபோல் தூக்கி வந்தேன்.

இப்போது ஞாயிறுதோறும் கால் பங்குதான்.
முந்தின நாளே குழாய்த் தண்ணீரை டிரம்மில் பிடித்து
வெயிலில் நிறுத்துகிறேன், மருந்து வாடை போக.
ஸ்பாஞ்சைக் குளத்துத் தண்ணீரிலேயே
லேசாக ஒரு அலசு.
இறைத்த அழுக்குக் கத்தரிச் செடிக்கு.
ஒரு சிட்டிகைத் தீனி, அவ்வளவுதான்.
மீன் எப்போதும் பசிக்கிற மாதிரியே நடிக்கும்.

நாலு தெரு தள்ளித் தென்பெண்ணை ஓடுகிறது.
மேலே ஓசூர்ப் பக்கம் நுரை பொங்கியது என்று
செய்தியில் காட்டினார்கள்.
நான் பக்கெட்டைக் கையில் பிடித்தபடியே பார்த்தேன்.
பிறகு டிவியை அணைத்துவிட்டு
முருங்கைப் பூவை வலைக்கரண்டியால் எடுக்கப் போனேன்.

ஆடிக் கடைசியில் அடிக்கல் தெரிந்தது.
மீனின் நிழல் மீனுக்குக் கீழே
தனியாக நீந்தியது.
மூன்றாம் நாள்
மின்கம்பியில் ஒரு நீலம்.
நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.
கல் விழுந்த சத்தம்,
அதற்குள் கம்பியில் மறுபடி அது,
அலகில் குறுக்காக ஒரு துடிப்பு.
நுரையோடு கத்தினேன். அது அவசரப்படவில்லை.

பச்சையாய் இருந்தவரை
மீன்கொத்திக்கு இந்த வீட்டு முகவரி தெரியாது.

மூன்று மீன் மிச்சம்.
பாதிக் குளத்துக்கு ஆம்பல் விட்டிருக்கிறேன்.
இலைக்கடியில் கொஞ்சம் கலங்கல்,
அங்கே வலைக்கரண்டி போவதில்லை.
முனிரத்தினம் கேட்டான்:
"இந்த மூலையை மறந்துட்டியா?"
"இல்லை" என்றேன்.

திங்கட்கிழமை, ஆய்வகம்.
நகக்கண்ணில் ஒரு கீற்றுப் பச்சை.
நாலு முறை சோப்புப் போட்டும் போகவில்லை.
மேலே கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு
தட்டுகளை ஒவ்வொன்றாக
வெளிச்சத்தில் பிடித்தேன்.
பூஜ்ஜியம். பூஜ்ஜியம். பூஜ்ஜியம்.